சினை ஆட்டுக்குக் காய்ச்சலா? முதலில் சூட்டைப் பாருங்கள்

மேச்சேரி இனச் செம்மறி ஆடு வளர்க்கிற எங்கள் பக்கத்தில் காதைத் தொட்டே காய்ச்சல் என்று சொல்லிவிடுவார்கள். வெயிலில் மேய்ந்துவிட்டு வந்த ஆட்டுக்கும் காது சுடத்தான் செய்யும். மெடிக்கலில் டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி, பட்டிக்கென்றே தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஆட்டை அரை மணி நேரம் நிழலில் கட்டுங்கள். தெர்மாமீட்டரின் பின்பக்கம் ஒரு நூலைக் கட்டி மறுமுனையை விரலில் சுற்றிக்கொண்டால், ஆடு துள்ளினாலும் உள்ளே போய்விடாது. நுனியில் தேங்காய் எண்ணெய் தடவி, ஆசனவாயில் மெதுவாகச் செலுத்தி, குடல் சுவரில் படும்படி லேசாகச் சாய்த்துப் பிடியுங்கள். புழுக்கைக்குள் குத்தி நின்றால் சரியான அளவு வராது. 102 முதல் 103.5 டிகிரி வரை பயமில்லை. 104-ஐத் தாண்டினால் டாக்டரைக் கூப்பிடுங்கள், கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-க்கும் அழைக்கலாம்.

வயிற்றுக் குட்டி தன் சூட்டைத் தாயின் ரத்தம் வழியாகத்தான் வெளியேற்ற முடியும். அதனால் தாய்க்கு ஏறினால் அதற்கும் ஏறும். ஆட்டுக்கொல்லி, நீலநாக்கு போன்ற நோய்கள் வந்தால் குட்டி வீசிவிடுவதும், அதாவது கரு கலைந்துவிடுவதும் உண்டு. வீசினதைக் கையுறை போட்டுத்தான் எடுத்துப் புதைக்க வேண்டும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அந்தப் பக்கமே விடாதீர்கள்.

ஈனுகிற சமயத்தில் மட்டும் தெர்மாமீட்டரை முழுசாக நம்பக்கூடாது. பிரசவத்தை ஒட்டிய சில நாட்களில் செம்மறியின் உடம்பு காய்ச்சலை அடக்கி வைக்கிறது என்று 1978-இலேயே கனடாவில் ஆய்வு செய்து எழுதியிருக்கிறார்கள். உள்ளே கிருமி இருக்கும், சூடு காட்டாது. அப்போது அசை போடுகிறதா, தீவனத்துக்கு வருகிறதா, ஒதுங்கி நிற்கிறதா, மடி கல் மாதிரி இருக்கிறதா என்று கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

ஊசி போட வருகிறவரிடம் எத்தனை மாதச் சினை என்பதை முதலில் சொல்லுங்கள். டெக்சாமெத்தசோன் மாதிரி ஸ்டீராய்டு கடைசி மாதத்தில் போனால் நாளுக்கு முன்பே ஈன்றுவிடும். அதற்காகவே கிடாய் சேர்த்த தேதியைக் குறித்து வைக்கச் சொல்கிறேன். அதிலிருந்து ஐந்து மாதக் கணக்கு.

அப்புறம் தடுப்பூசி. தாயின் நோய் எதிர்ப்புச் சக்தி நஞ்சுக்கொடி வழியாகக் குட்டிக்குப் போகாது, சீம்பாலில்தான் போகும். துள்ளுமாரி நோய்க்கான ஊசியை ஈனுவதற்கு ஒரு மாதம் முன்பு போட்டால் சீம்பாலில் அது சேர்ந்துவிடும். 3 கிலோ குட்டிக்குச் சீம்பால் ஒரு வேளைக்கு 150 மில்லி, முதல் நாளில் மொத்தம் 600 மில்லி. தாய் காய்ச்சலில் கிடந்தால் பக்கத்தில் ஈன்ற ஆட்டிடம் கறந்தாவது புகட்டுங்கள், முதல் வேளையை இரண்டு மணி நேரத்துக்குள்.