சின்னக் கார் வாங்கும் முன்: தென்னாப்பிரிக்காவின் டர்பன்காரர்களுக்கு ஒரு கணக்கு

ஷோரூம் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் விலையைப் பார்த்துக் காரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அந்தக் கார் மாதாமாதம் எவ்வளவு கேட்கும்? அங்கிருந்து தொடங்குங்கள்.

படி 1: மாதச் செலவு

ஒரு தாளில் ஐந்து வரி எழுதுங்கள்: தவணை, இன்ஷூரன்ஸ், பெட்ரோல், சர்வீஸ், டயர்.

தவணையில்தான் பலர் சறுக்குகிறார்கள். 200,000 ராண்ட் கடன், 12 சதவீத வட்டி, 72 மாதம் என்று வைத்துக்கொள்வோம். மாதம் சுமார் 3,910 ராண்ட் வரும். "கொஞ்சம் குறைக்கலாமே" என்று விற்பனையாளர் பலூன் பேமென்ட்டை நீட்டுவார். 30 சதவீதத்தை, அதாவது 60,000 ராண்டைக் கடைசிக்குத் தள்ளினால் தவணை சுமார் 3,340 ஆகும். மாதம் 570 மிச்சம்தான். ஆனால் ஆறு வருடம் கழித்து 60,000 மொத்தமாகக் கட்ட வேண்டும். கூட்டிப் பார்த்தால் கையைவிட்டுப் போவது 18,000 ராண்டுக்கு மேல் அதிகம். பலூன் இல்லாமல் கட்ட முடியாத கார் உங்களுக்கு எட்டாத கார்.

பெட்ரோலுக்கு வருவோம். சாட்ஸ்வொர்த்திலிருந்து உம்லாங்காவுக்கு வேலைக்குப் போய் வர நாளுக்கு 70 கிலோமீட்டர் போல ஆகும். 22 நாளில் 1,540. விளம்பரத் தாளில் 100 கிலோமீட்டருக்கு 5 லிட்டர் என்று இருந்தால், நெரிசலுக்கும் ஏசிக்குமாக 1 லிட்டர் கூட்டுங்கள். மாதம் 92 லிட்டர் தேவை. விலை ஒவ்வொரு மாதமும் முதல் புதன்கிழமை மாறும். கொஞ்சம் தாராளமாகவே எழுதிக்கொள்ளுங்கள்.

இன்ஷூரன்ஸ் விலையைக் கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள். ஒரே விலையுள்ள இரண்டு கார்களில் திருடர்கள் தேடும் மாடலுக்குப் பிரீமியம் கூடும். திருடுபோன காரைக் கண்டுபிடிக்கும் டிராக்கர் கட்டாயம் என்றால் அதற்கும் மாதக் கட்டணம் உண்டு.

படி 2: ஆளும் மேடும்

1.0 லிட்டர், மூன்று சிலிண்டர் எஞ்சின் ஊருக்குள் இரண்டு பேருக்குப் போதும். நான்கு பேரோடு ஏசி போட்டு பைன்டவுன் ஃபீல்ட்ஸ் ஹில் ஏறும்போதுதான் அதன் மூச்சு தெரியும். டெஸ்ட் டிரைவுக்குத் தனியாகப் போகாமல் வீட்டாரை ஏற்றிக்கொண்டு அந்த மேட்டில் ஓட்டுங்கள். அடிக்கடி ஜொகன்னஸ்பர்க் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த ஊர் சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; காற்று மெலிவதால் டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்தும் கருவி) இல்லாத எஞ்சின் ஆறில் ஒரு பங்கு போலச் சக்தி இழக்கும். அவர்கள் 1.2 லிட்டருக்குக் கீழே போக வேண்டாம்.

பின்பக்கச் சாமான் அறையின் (பூட்) அளவைத் தாளில் படித்துப் பயனில்லை. கோயில் விசேஷத்துக்கு எடுத்துப்போகும் அண்டாவையே கொண்டுபோய் வைத்துப் பாருங்கள்.

கிளட்ச் மிதி இல்லாமல், கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் ஏஎம்டி மலிவுதான். ஆனால் கியர் மாறும்போது ஒரு குலுக்கல் இருக்கும். மேட்டில் நின்று கிளம்பும்போது பின்னால் சரிகிறதா என்று பாருங்கள்.

பாதுகாப்பில் கஞ்சத்தனம் வேண்டாம். ஆப்பிரிக்கக் கார்களுக்கென 2017இல் குளோபல் என்கேப் என்ற அமைப்பு நடத்திய முதல் மோதல் சோதனையில் பெரியவர்களின் பாதுகாப்புக்கு டொயோட்டா எட்டியோஸ் 4 நட்சத்திரம் வாங்கியது. செரி க்யூக்யூ3க்கு ஒன்றுகூட இல்லை. இரண்டும் சின்னக் கார்கள்தான்! ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் இறுகிவிடாமல் காப்பது), இரண்டு ஏர்பேக், முடிந்தால் ஈஎஸ்சி (வண்டி வழுக்கித் தடம் மாறாமல் காப்பது) இருக்கட்டும்.

(ஹூண்டாய் கிராண்ட் ஐ10 மெட்ராஸ் அருகே ஸ்ரீபெரும்புதூரிலும் ரெனோ க்விட் ஒரகடத்திலும் செய்யப்படுபவை. 1860இல் ட்ரூரோ கப்பல் மெட்ராஸிலிருந்து நம் முன்னோரைக் கொண்டுவந்து இறக்கிய டர்பனில் இப்போது மெட்ராஸ் பக்கத்துக் கார்கள் ஓடுகின்றன.)

படி 3: பழைய கார் என்றால்

பதிவுச் சான்றிதழில் குறியீடு (கோடு) 2 என்றால் சாதாரணமாகப் பயன்படுத்திய கார். கோடு 3 என்றால் நொறுங்கித் திரும்பக் கட்டியது. விலை எவ்வளவு இனித்தாலும் புதிதாக வாங்குகிறவர் அதைத் தொட வேண்டாம்.

2022 ஏப்ரல் வெள்ளத்தில் மூழ்கிய கார்கள் கழுவித் துடைக்கப்பட்டுச் சந்தைக்கு வரக்கூடும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். அடியில் சேற்றுக் கறை இருக்கிறதா? கார்ப்பெட்டைத் தூக்கி முகருங்கள். சீட் நகரும் தண்டவாளத்தில் துரு இருந்தால் கேள்வியே கேட்காமல் திரும்பிவிடுங்கள். கதவின் அடி ஓரத்தில் மட்டும் துரு என்றால் அது கடல் காற்றின் வேலையாகவும் இருக்கலாம். விரலால் அழுத்தினால் அமுங்கக் கூடாது.

எஞ்சினின் வால்வுகளை நேரப்படி இயக்குவது டைமிங் பெல்ட்டா செயினா என்று கேளுங்கள். பெல்ட் என்றால், கையேடு சொல்லும் கிலோமீட்டரில் மாற்றியதற்கான ரசீது வேண்டும். அது அறுந்தால் பல எஞ்சின்களில் வால்வுகள் வளைந்து, பழுதுச் செலவு காரின் விலையை நெருங்கும். கூடவே வாட்டர் பம்பும் மாற்றியிருந்தால் நல்லது.

சர்வீஸ் செலவை ஏற்கும் சர்வீஸ் பிளான் மிச்சமிருக்கிறது என்று சொல்வார்கள். பிரேக் பேட், கிளட்ச் போலத் தேயும் பாகங்கள் பொதுவாக அதில் சேராது. அவை மெயின்டனன்ஸ் பிளானில்தான் வரும்.

படி 4: காகிதம்

டீலரிடம் வாங்கினால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி குறையுள்ள காரை ஆறு மாதத்துக்குள் திருப்பலாம். தனி ஆளிடம் வாங்கும்போது ஒப்பந்தத்தில் 'ஃபுட்ஸ்டூட்ஸ்' என்ற சொல் இருக்கும்: உள்ளபடி வாங்கிக்கொள் என்று பொருள். அதனால் தனி ஆளிடம் என்றால் மெக்கானிக்கைக் கூட்டிப்போங்கள். காரின் மேல் வங்கிக் கடன் பாக்கி இருந்தால், வங்கி தரும் கடன் தீர்வுக் கடிதத்தைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் சான்றிதழோடு பொருந்த வேண்டும். பெயர் மாற்ற, கார் சாலையில் ஓடத் தகுதியானது என்று சொல்லும் ரோட்வொர்த்தி சான்றிதழ் தேவை. அது 60 நாள் செல்லும். விற்பவர் கைகாட்டும் சோதனை மையத்தை விட்டுவிட்டு, நீங்களே தேர்ந்தெடுத்த இடத்தில் எடுங்கள்.