தோற்றுக்கொண்டே இருக்கும் ஹாக்கி டீமை மறுபடி கட்டுவது எப்படி

இரண்டு சீசனாக உங்கள் டீம் தோற்றுக்கொண்டே இருக்கிறது என்றால், முதல் வேலை கோச்சைத் தூக்காமல் இருப்பது. வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் எந்த கிளப்பை எடுத்தாலும் கதை பெரும்பாலும் ஒன்றுதான். டோர்னமென்ட்டில் முதல் ரவுண்டிலேயே வெளியே, அடுத்த ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூட்டம், டீ, போண்டா, கோச் மாற்றம். ஆறு மாதம் கழித்து அதே பையன்கள், அதே ஓட்டை டிஃபென்ஸ், புது விசில். இதை எழுதுகிற நான் பெரிதாக ஆடியவன் இல்லை, கேலரியில் உட்கார்ந்து கத்துகிற கூட்டம். ஆனால் கேலரியிலிருந்து பார்த்தால் தெரிகிற சில விஷயங்கள் ஆபீஸ் ரூமில் உட்கார்ந்திருப்பவர்கள் கண்ணில் படுவதே இல்லை. அதனால்தான் இது கிளப் செகரெட்டரிகளுக்கும் சேர்த்து.

கோச்சை மாற்றினால் என்ன ஆகும் என்று தெரிய வேண்டுமானால் இந்திய அணியையே பாருங்கள். 1928-லிருந்து ஒரு ஒலிம்பிக்கைக்கூட விடாமல் ஆடிய நாடு, 2008-ல் சிலியின் சாண்டியாகோவில் பிரிட்டனிடம் தோற்று பெய்ஜிங்குக்குத் தகுதியே பெறவில்லை. 2012-ல் லண்டனுக்குப் போய் ஆடிய ஆறு ஆட்டத்திலும் தோற்று 12-வது, அதாவது கடைசி இடம். இந்தக் காலத்தில் கோச் நாற்காலியில் யார் யார் உட்கார்ந்தார்கள் என்று பாருங்கள்: ஹோசே பிராசா, மைக்கேல் நாப்ஸ், டெர்ரி வால்ஷ், பால் வான் ஆஸ், ரோலண்ட் ஓல்ட்மன்ஸ், எல்லாம் 2009-க்கும் 2017-க்கும் நடுவில். வால்ஷ் 2014 இஞ்சியோன் ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கிக்கொடுத்த கையோடு கிளம்பிவிட்டார், வான் ஆஸ் 2015-ல் வந்த சில மாதங்களிலேயே நிர்வாகத்தோடு உரசி வெளியே போனார். ஒருவர் சொல்லிக்கொடுத்த பிரஸ்ஸிங் (எதிரணியை நெருக்கிப் பந்தைப் பிடுங்குவது) பையன்கள் காலில் ஏறுவதற்குள் அடுத்தவர் வந்து அதை அழித்துவிட்டு வேறு எழுதினால் எப்படி உருப்படும்?

அப்புறம் 2019-ல் கிரஹாம் ரீட் வந்தார். டோக்கியோ ஒலிம்பிக்கில் இரண்டாவது ஆட்டத்திலேயே ஆஸ்திரேலியாவிடம் 1-7. நம்ம ஊர் கமிட்டியாக இருந்தால் அன்று ராத்திரியே கடிதம் டைப் அடித்திருப்பார்கள். அங்கே யாரும் பதறவில்லை, அதே ஆட்கள் அதே ஆட்டத்தை ஆடி, வெண்கலப் போட்டியில் ஜெர்மனியிடம் 1-3 என்று பின்தங்கியிருந்து 5-4 என்று ஜெயித்தார்கள், 41 வருடத்துக்குப் பிறகு ஒலிம்பிக் பதக்கம். அதற்காக ஒருவரையே காலத்துக்கும் வைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. 2023-ல் சொந்த மண்ணில் நடந்த உலகக்கோப்பையில் கால் இறுதிக்குக்கூடப் போகவில்லை, ரீட் விலகினார், கிரெய்க் ஃபுல்டன் வந்தார். அந்த மாற்றத்தில் டீமின் முதுகெலும்பு கலையவில்லை, அடுத்த வருடம் பாரிஸிலும் வெண்கலம் வந்தது.

சரி, நம்ம டீமுக்கு வருவோம்.

ஒரு நோட்டு வாங்குங்கள்

எதற்குத் தோற்கிறோம் என்று தெரியாமல் எதையும் மாற்றக் கூடாது. ஒரு பையனை, காயம்பட்டு உட்கார்ந்திருப்பவனாக இருந்தாலும் பரவாயில்லை, நோட்டோடு கோட்டுக்கு வெளியே உட்கார வையுங்கள். அவன் எழுத வேண்டியது நான்கு விஷயம்: வாங்கிய கோல் ஒவ்வொன்றும் எந்தக் குவார்ட்டரில் விழுந்தது, அது ஓடி ஆடிப் போட்ட ஃபீல்டு கோலா, தவறு செய்ததற்காக எதிரணிக்குக் கிடைத்த பெனால்டி கார்னரா, நாம் எதிரணி சர்க்கிளுக்குள் (கோலுக்கு முன்னால் இருக்கிற அரைவட்டம்) எத்தனை முறை நுழைந்தோம், நுழைந்ததில் எத்தனை முறை ஷாட்டோ கார்னரோ கிடைத்தது. ஐந்தாறு ஆட்டம் இப்படி எழுதினால் போதும், நோய் தானாகத் தெரியும். கோல் எல்லாம் நான்காவது குவார்ட்டரில் விழுகிறது என்றால் கோச்சின் தந்திரத்தில் குறை தேடாதீர்கள், பையன்களுக்கு மூச்சு போதவில்லை, அல்லது ஆள் மாற்றுவது சரியில்லை. ஹாக்கியில் எத்தனை முறை வேண்டுமானாலும் ஆளை மாற்றலாம், ஆனால் நம் பக்கம் இன்னும் பதினோரு பேரையே 60 நிமிடமும் ஓடவிட்டு, கடைசியில் இரண்டு பேரை மரியாதைக்காக இறக்குகிறார்கள். ஃபார்வர்டு லைனை ஐந்தாறு நிமிடத்துக்கு ஒருமுறை சுழற்றாத டீம் இன்றைய ஹாக்கியில் பிழைக்காது.

கோல் பெரும்பாலும் கார்னரில் விழுகிறது என்றால் விஷயம் வேறு. சர்க்கிளுக்குள் தேவையில்லாமல் காலில் பந்து வாங்கித் தவறு செய்கிறார்கள், அல்லது சுற்றிச் சுற்றி டாக்கிள் செய்து கார்னரைத் தானம் செய்கிறார்கள்.

பின்னாலிருந்து கட்டுங்கள்

எல்லோருக்கும் கோல் போடுகிறவன் வேண்டும். செலக்‌ஷன் நாளில் ஐந்து பேரை டிரிபிள் பண்ணிப் போகிற பையனைப் பார்த்ததும் கமிட்டிக்காரர்கள் முகம் மலர்ந்துவிடும். ஆனால் தோற்கிற டீமுக்கு முதலில் வேண்டியது கோல்கீப்பர். நம் ஊரில் கீப்பர் எப்படித் தேர்வாகிறான்? ஓட முடியாதவன், கொஞ்சம் குண்டானவன், இல்லை கடைசியாக வந்தவன். பெரிய பேடு, கிழிந்த கிக்கர், யாரோ கழற்றிப் போட்ட ஹெல்மெட். கீப்பர் கிட் விலை அதிகம்தான், ஆனால் அந்தப் பணத்தை ஜெர்சியில் பேர் அச்சடிப்பதற்குச் செலவழிக்கிற கிளப்பை நான் பார்த்திருக்கிறேன். டோக்கியோவில் கடைசி சில வினாடிகளில் ஜெர்மனிக்குக் கிடைத்த கார்னரை நம் கீப்பர் ஸ்ரீஜேஷ் தடுத்திருக்காவிட்டால் அந்த 41 வருடக் கணக்கு 44 ஆகியிருக்கும். டீமில் வேகமாக யோசிக்கிற, பயப்படாத, வாய் ஓயாமல் கத்துகிற பையனைத் தேர்ந்தெடுத்து அவனிடம் நேராகக் கேளுங்கள், கீப்பராக இருக்கச் சம்மதமா என்று. தண்டனையாகக் கொடுத்தால் அவன் தண்டனையாகத்தான் ஆடுவான்.

கீப்பருக்கு அடுத்தது இரண்டு ஃபுல் பேக், ஒரு சென்டர் ஹாஃப். இந்த நான்கு பேரையும் ஒரு வருடத்துக்கு மாற்றாதீர்கள். வாரத்தில் ஒரு நாள் பத்துப் பேரோடு மட்டும் ஆடவிடுங்கள். பாரிஸ் கால் இறுதியில் அமித் ரோஹிதாஸ் 17-வது நிமிடத்திலேயே சிவப்பு அட்டை வாங்கி வெளியேறிய பிறகு, மீதி ஆட்டம் முழுக்கப் பத்துப் பேரோடு பிரிட்டனை 1-1 என்று நிறுத்தி ஷூட்அவுட்டில் ஜெயித்தார்களே, அது திடீரென்று வருகிற வீரம் கிடையாது. யார் எந்த இடத்தை மூட வேண்டும் என்று காலுக்கே தெரிந்திருந்தால்தான் அது நடக்கும்.

கார்னர் என்கிற தனிப்பாடம்

இதில் மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம் மாவட்ட ஆட்டங்களில் அதிகம் வீணாவது இதுதான். பெனால்டி கார்னரில் தடுப்பதற்குக் கீப்பரோடு சேர்த்து ஐந்து பேர்தான் இருக்க முடியும். முதல் ஷாட்டை ஓங்கி அடித்தால் அது கோலின் அடிப்பலகை உயரமான 460 மில்லிமீட்டருக்குள் போக வேண்டும், டிராக் ஃபிளிக் (பந்தை ஓங்கி அடிக்காமல் மட்டையோடு இழுத்து வீசுவது) செய்தால் அந்தக் கட்டுப்பாடு இல்லை, மேல் மூலைக்கே அனுப்பலாம். அதனால்தான் ஹர்மன்பிரீத் சிங் மாதிரி ஒரு ஃபிளிக்கர் இருக்கிற டீம் எங்கேயும் பயப்படாமல் இறங்குகிறது. ஆனால் ஃபிளிக்கர் ஒருவன் மட்டும் போதாது. கோட்டிலிருந்து பந்தைத் தள்ளுகிறவன், சர்க்கிள் உச்சியில் அதை நிறுத்துகிறவன், ஃபிளிக் செய்கிறவன், மூவரும் ஒரே கை மாதிரி இயங்க வேண்டும். நம் ஊரில் என்ன நடக்கிறது? கார்னர் கிடைத்ததும் "யார் தள்றது?" என்று ஆட்டத்துக்கு நடுவில் கேட்டுக்கொள்கிறார்கள்.

மூன்று பேரை நியமியுங்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு மாற்று ஆள். பயிற்சி முடிந்த பிறகு இருபது நிமிடம் அவர்களுக்கு மட்டும். ஃபிளிக்கரை முதல் மாதத்தில் வேகமாக அடிக்கச் சொல்லாதீர்கள், இடுப்பும் முதுகும் போய்விடும், சின்னப் பையன்களாக இருந்தால் இன்னும் கவனம். செம்மண் தரையில் பந்து குதிக்கும், ஃபிளிக் சரியாக வராது என்பார்கள், உண்மைதான். அதற்காகத் தள்ளுவதையும் நிறுத்துவதையும் பழகாமல் இருக்க வேண்டியதில்லை. டர்ஃபில், அதாவது செயற்கைப் புல் தரையில், பழக வேண்டுமென்றால் மாதத்துக்கு ஒரு முறையாவது டர்ஃப் கிடைக்கிற இடத்துக்கு டீமைக் கூட்டிப் போக வேண்டும். காட்பாடியிலிருந்து சென்னை 130 கிலோமீட்டர்தான், காலை ஏலகிரி எக்ஸ்பிரஸில் ஏறினால் சீக்கிரமே போய் இறங்கலாம். டோர்னமென்ட் அன்றுதான் டர்ஃபை முதல் முறை மிதிக்கிறார்கள் என்றால், பந்து வேகமாக வருகிற அதிர்ச்சியிலேயே முதல் குவார்ட்டர் முடிந்துவிடும்.

பழையவர்களை மொத்தமாக வெட்டாதீர்கள்

புதுப்பிப்பது என்றால் சீனியர்களையெல்லாம் விரட்டிவிட்டு ஸ்கூல் பையன்களை இறக்குவது என்று சிலர் நினைக்கிறார்கள். 2016-ல் லக்னோவில் ஜூனியர் உலகக்கோப்பையை ஜெயித்த இந்திய டீமிலிருந்து ஹர்மன்பிரீத், சிம்ரன்ஜீத், குர்ஜந்த், நீலகண்ட சர்மா, வருண் குமார் எல்லோரும் ஐந்து வருடம் கழித்து டோக்கியோவில் இருந்தார்கள், சிம்ரன்ஜீத் வெண்கலப் போட்டியில் இரண்டு கோல் போட்டார். ஆனால் அவர்களோடு சீனியர்களான ஸ்ரீஜேஷும் மன்பிரீத்தும் இருந்தார்கள். நம்ம டீமில் 30 தாண்டியவர்களில் மூன்று, நான்கு பேரை வைத்துக்கொள்ளுங்கள், எப்படிப்பட்டவர்களை என்றால் பெஞ்சில் உட்கார்ந்தாலும் முகம் சுளிக்காதவர்களை. பயிற்சிக்கு வராமல் மேட்ச் அன்று மட்டும் ஷூவோடு வருகிற சீனியரை, அவர் எவ்வளவு பெரிய ஆட்டக்காரராக இருந்தாலும், அன்போடு அனுப்பிவிடுங்கள்.

பையன்களை எங்கே தேடுவது என்பதில் நம் பக்கம் ஒரு தனிச் சிக்கல் உண்டு. 2019-ல் வேலூர் மாவட்டம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானது. நிர்வாகத்துக்கு அது நல்லதாக இருக்கலாம். ஆனால் மாவட்ட வாரியாக நடக்கிற போட்டிகளில், முன்பு அரக்கோணத்திலிருந்து ஆம்பூர் வரை எடுத்துக் கட்டக்கூடிய ஒரே டீம் இப்போது மூன்றாகப் பிரிந்து போகிறது. மூன்று மாவட்ட ஆட்களும் பேசிவைத்துக்கொண்டு, மாவட்டப் போட்டியில் தனித்தனியாக ஆடினாலும், வருடத்துக்கு ஒரு கூட்டு கேம்ப் நடத்தினால் என்ன கெட்டுவிடும்? யார் பேனரில் யார் போட்டோ பெரிதாக இருக்கும் என்கிற சண்டைதான் வரும், அதைச் சமாளிக்கலாம். மே மாதம் மட்டும் வேண்டாம், அக்னி நட்சத்திரத்தில் வேலூர் மைதானத்தில் பையன்களை ஓடவிடுவது பயிற்சி கிடையாது, கொடுமை. அந்த மாதத்தில் வழக்கமான பயிற்சியைக்கூடக் காலை ஐந்தரைக்கு ஆரம்பித்து ஏழரைக்குள் முடித்துவிட வேண்டும்.

நிர்வாகம்

இங்கேதான் உண்மையான நோய் என்பது என் அபிப்பிராயம். கோச்சுக்கு இரண்டு வருட காலத்தை எழுத்தில் கொடுங்கள். பதினொரு பேர் யார் என்பதை அவர் மட்டுமே முடிவு செய்ய வேண்டும், பிரசிடென்ட்டின் அண்ணன் மகனுக்காக ராத்திரி பத்து மணிக்குப் போன் போகக் கூடாது. செலக்‌ஷன் கமிட்டியில் மூன்று பேருக்கு மேல் வேண்டாம், அதில் யாருடைய பிள்ளையும் டிரையல்ஸில் இருக்கக் கூடாது, இருந்தால் அந்த வருடம் அவர் ஒதுங்க வேண்டும். லிஸ்ட்டை மைதானத்திலேயே ஒட்டுங்கள், விட்டுப்போன பையனுக்கு ஏன் விட்டோம் என்று ஒரு வரியாவது சொல்லுங்கள்.

பணத்துக்கு நம் பக்கம் வழி இல்லாமல் இல்லை. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி முழுக்கத் தோல் கம்பெனிகளும் ஷூ கம்பெனிகளும்தான். ஆனால் அவர்களிடம் போகும்போது "ஒரு டோர்னமென்ட்டுக்கு ஜெர்சி குடுங்க சார்" என்று கேட்காதீர்கள். ஒடிசா அரசு 2018-ல் இந்திய அணிகளுக்கு ஸ்பான்சராக வந்தபோது ஒரு தொடருக்கு மட்டும் பணம் கொடுத்துவிட்டுப் போகவில்லை, பல வருடத்துக்குக் கூடவே நின்றது. நீங்களும் மூன்று வருடத்துக்குக் கேளுங்கள், தொகை சின்னதாக இருந்தாலும் சரி. கணக்கை ஆறு மாதத்துக்கு ஒருமுறை நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். கணக்கு ஒட்டாத கிளப்புக்கு இரண்டாம் வருடம் யாரும் பணம் தரமாட்டார்கள், தரவும் கூடாது.

கேலரிக்காரர்களுக்கு

முதல் வருடத்தில் ஜெயிப்பதை எதிர்பார்க்காதீர்கள், வாங்குகிற கோல் குறைகிறதா என்று மட்டும் பாருங்கள். 0-6 தோற்ற டீமிடம் 0-2 தோற்றால் அது முன்னேற்றம், கைதட்டலாம். இரண்டாம் வருடத்தில் கார்னரிலிருந்து கோல் வர ஆரம்பிக்க வேண்டும், பெஞ்சிலிருந்து புதுப் பையன் ஒருவனாவது நிலையான இடம் பிடித்திருக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை என்றால் அப்போது கத்துங்கள், ஆனால் பதினேழு வயதுப் பையன் பேரைச் சொல்லிக் கத்தாதீர்கள். பொதுக்குழுக் கூட்டத்துக்குப் போய் நோட்டைத் திறந்து காட்டுங்கள், கடைசி நான்கு வருடத்தில் எத்தனை கோச், எத்தனை முறை லிஸ்ட் மாறியது, கணக்கு எத்தனை முறை ஒட்டப்பட்டது என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் மாற வேண்டியது செகரெட்டரி, அதையும் அந்தக் கூட்டத்திலேயே, எல்லோர் முன்னாலும், பேர் கொடுத்து எழுத்தில் கேட்டுவிடுங்கள்.