பழவேற்காட்டில் படகேறும் ஆசையா? இந்தத் தவறுகள் வேண்டாம்

வடசென்னையில் எங்களுக்கு ஒருநாள் ஊர்சுற்றல் என்றால் பழவேற்காடுதான். திருவொற்றியூரில் கிளம்பி மீஞ்சூர், பொன்னேரி வழியாகப் போனால் ஏரிக்கரை. இறங்கியதும் எல்லாருக்கும் வரும் ஆசை, ஒரு படகைத் தனியாகப் பேசிக்கொண்டு தீவுப் பக்கம் சுற்றிவருவது. தவறுகளும் அங்கேதான் தொடங்குகின்றன.

மீன்பிடிப் படகைக் காதும் காதும் வைத்தாற்போல் பேசி ஏறாதீர்கள். 2011 டிசம்பர் 25 அன்று இங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன்பிறகுதான் சுற்றுலாச் சவாரிக்குத் தடை வந்தது. வலையும் மீனும் ஏற்றக் கட்டிய படகு அது. ஒருவர் செல்ஃபிக்கு எழுந்தால் நாலு பேர் அதே பக்கம் சாய்வார்கள். கவிழ அது போதும். கூடுதல் பணம் தருகிறேன் என்று படகுக்காரரை வற்புறுத்தவும் வேண்டாம். மாட்டினால் பிழைப்பு போவது அவருக்கு.

"இடுப்பளவு தண்ணீர்தானே" என்று நினைப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. ஏரி பெரும்பாலும் ஆழமில்லாததுதான். முகத்துவாரம் அப்படி இல்லை. ஏரியும் கடலும் சந்திக்கிற குறுகிய வாய் அது. ஓதம் வற்றும்போது, அதாவது கடல்மட்டம் இறங்கும்போது, அத்தனை பெரிய ஏரியின் தண்ணீர் அந்த வழியாகக் கடலுக்குப் பாயும்; எதிரே அலை வந்து மோதும். மணல் திட்டும் ஓரிடத்தில் நிற்காது, போன மாதம் இருந்த வழி இந்த மாதம் தூர்ந்திருக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இழுப்பு இன்னும் கூடும். எவ்வளவு நன்றாக நீந்தினாலும் அந்த இழுப்பை எதிர்க்க முடியாது. கரையில் நின்று பாருங்கள், இறங்காதீர்கள்.

சரி, படகில் போயே ஆகவேண்டுமா? தடா பக்கம் பீமுனிவாரிபாளையத்தில் ஆந்திர சுற்றுலாத் துறையின் படகுத்துறை இருக்கிறது. சூலூர்பேட்டை ரயிலில் போய்த் தடாவில் இறங்கலாம். அன்றைக்குப் படகு ஓடுகிறதா என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். லைஃப் ஜாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டால் பயனில்லை. பெரியவர் அளவு ஜாக்கெட்டைக் குழந்தைக்கு மாட்டினால் தண்ணீரில் தலைவழியே கழன்றுவிடும். அளவு கிடைக்காவிட்டால் குழந்தையை ஏற்றாதீர்கள்.

ஸ்ரீஹரிகோட்டாவில் இறக்கிவிடுகிறேன் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். ராக்கெட் தளம் உள்ள தீவு, அனுமதியில்லாமல் நுழைய முடியாது. பூநாரைக் கூட்டத்தின் அருகே படகை விடச் சொல்வதும் தவறு. குளிர்காலத்தில் இங்கே இரை தேடி வருகிற பறவைகள். நாம் விரட்டும் ஒவ்வொரு முறையும் அவற்றின் தீனி நேரம் போகிறது. பைனாகுலர் எடுத்துப் போங்கள்.

அப்புறம், எனக்கு மனசு கேட்காத ஒன்று உண்டு. தண்ணீரையும் மீன் வறுவலையும் மட்டும் பார்த்துவிட்டு ஊரைப் பார்க்காமல் திரும்புகிறார்கள். டச்சுக்காரர்கள் 1613இல் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கடற்கரையில் அவர்களுடைய தலைமையிடம் இந்த ஊர்தான். கோட்டை இருந்த இடத்தில் இன்று மிஞ்சியிருப்பது புதர் மண்டிய மேடு. ஆனால் டச்சுக் கல்லறைத் தோட்டம் நிற்கிறது. வாசலின் இரண்டு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகளைப் பார்த்தால் பிள்ளைகள் கேள்வி கேட்காமல் விடமாட்டார்கள். அப்போது துணிக் கதையையும் சொல்லுங்கள்: இந்தத் துறைமுகத்திலிருந்து கப்பலேறிய கட்டம் போட்ட துணியின் பெயரில்தான் மலேசியாவில் லுங்கியை இன்றும் 'காயின் பெலிக்காட்' என்கிறார்கள். பெலிக்காட் என்பது புலிகாட், நம் பழவேற்காடுதான்.