ஜிஆர்ஈ கட்டுரையில் நேரம் கைமீறினால் என்ன செய்வது?

முதல் தடவை ஜிஆர்ஈ (வெளிநாட்டு மேற்படிப்புக்குக் கேட்கும் தேர்வு) எழுதியபோது, முடிவுரையின் முதல் வரியைத் தட்டிக்கொண்டிருக்கும்போதே நேரம் முடிந்துவிட்டது. அரை வாக்கியத்தோடு கட்டுரை போய்ச் சேர்ந்தது, மதிப்பெண் 6-க்கு 3.0. இரண்டாவது தடவை 4.5. இடைப்பட்ட காலத்தில் என் ஆங்கிலம் ஒன்றும் வளர்ந்துவிடவில்லை. கட்டுரைக்குத் தரும் 30 நிமிடத்தைக் கையாளும் விதத்தை மட்டும்தான் மாற்றினேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

2023 செப்டம்பரிலிருந்து ஒரே கட்டுரைதான், அதுவும் தேர்வின் முதல் பகுதி. ஒரு கருத்தைக் கொடுத்து, அதில் உங்கள் நிலைப்பாட்டை எழுதச் சொல்வார்கள். பழைய வீடியோக்களில் இரண்டு கட்டுரை என்று சொல்வார்கள், அந்தக் கணக்கில் பயிற்சி செய்யாதீர்கள். மீதமாகும் நேரம் அடுத்த பகுதிக்குச் சேராது. கட்டுரையை மட்டும் தனியாகத் திரும்ப எழுதவும் முடியாது. 21 நாள் கழித்து முழுத் தேர்வையும்தான் எழுத வேண்டும்.

முதலில், கடிகாரத்தைப் படிக்கப் பழகுங்கள்

நான் விழுந்த இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

வீட்டில் போன் ஸ்டாப்வாட்சை வைத்துப் பயிற்சி செய்தேன். அது பூஜ்யத்திலிருந்து மேலே ஏறும். தேர்வுத் திரையில் இருப்பதோ 30-லிருந்து கீழே இறங்கும் கடிகாரம். அதை மறைத்து வைக்கவும் வசதி உண்டு. ஓடும் எண்களைப் பார்த்தால் பதற்றமாக இருந்ததால் நானும் மறைத்துவிட்டேன். எங்கள் ஊர் ஏரியில் மடை திறக்க முறை வைப்பதை ஒரு உதாரணமாக எடுத்து, யாருக்கு எந்த நாள் தண்ணீர், முறை தவறினால் ஊரில் என்ன ஆகும் என்று ரசித்து எழுதிக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு முறை கடிகாரத்தைத் திறந்தால் 9 என்று காட்டியது. வீட்டுப் பழக்கத்தில், ஒன்பது நிமிடம்தான் ஆகியிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். திரும்ப மறைத்துவிட்டு ஏரிக்கு இன்னும் நான்கு வரி எழுதினேன். அடுத்து பார்த்தபோது 2.

எனவே ஸ்டாப்வாட்ச் வேண்டாம், டைமர் வையுங்கள். 30-லிருந்து இறங்க வேண்டும். கடிகாரத்தை மறைக்கவே கூடாது என்பது என் கருத்து. பதற்றம் நான்கைந்து பயிற்சியில் பழகிவிடும். கைக்கடிகாரத்தை நம்பாதீர்கள், சென்டருக்குள் கட்டிக்கொண்டு போக விடமாட்டார்கள்.

ரஃப் ஷீட்டின் மூலையில் ஐந்து எண்கள்

26, 22, 15, 8, 3. எல்லாமே மீதமிருக்கும் நிமிடங்கள். கடிகாரம் ஓட ஆரம்பித்த பிறகு எழுதுங்கள், தேர்வு தொடங்கும் முன் அந்தத் தாளில் எழுதக்கூடாது. 26-ல் தட்ட ஆரம்பிக்க வேண்டும். 22-ல் முன்னுரை முடிய வேண்டும். 15-ல் இரண்டாவது உதாரணத்துக்குள் இருக்க வேண்டும். 8-ல் எதிர்க்கருத்துப் பத்தி. 3 வந்தால் புதிதாக எதையும் தொடங்கக்கூடாது.

முதல் நான்கு நிமிடத்தில் தலைப்புக்குக் கீழே இருக்கும் உத்தரவையும் படியுங்கள். சில கேள்விகளில், இந்தக் கருத்து எந்தச் சூழலில் பொருந்தும், எதில் பொருந்தாது என்று கேட்பார்கள். அதை விட்டுவிட்டு எழுதினால், நேரத்துக்கு முடித்தும் பலனில்லை.

முன்னுரை முடிந்ததும் முடிவுரை

எனக்கு அதிகம் கைகொடுத்தது இதுதான். முன்னுரை எழுதி, நான்கு வரி இடம் விட்டு, இரண்டே வாக்கியத்தில் முடிவுரையைத் தட்டிவிடுங்கள். அப்புறம் நடுவில் போய் மற்ற பத்திகளை எழுதுங்கள்.

தேர்வை நடத்தும் ஈடிஎஸ் நிறுவனம் வெளியிட்டிருக்கும் தலைப்புப் பட்டியலில் ஒன்று: ஒரு சமூகத்தின் முக்கியமான இயல்புகளைப் புரிந்துகொள்ள அதன் பெருநகரங்களைப் படிக்க வேண்டும். இதற்கு நான் தட்டி வைத்த முடிவுரையின் சாரம்: "நகரம் ஒரு சமூகம் எங்கே போகிறது என்பதைக் காட்டும். எங்கிருந்து வந்தது என்பதை அறிய ஊர்ப்புறத்துக்கும் போயாக வேண்டும்." அவ்வளவுதான். நிலைப்பாடு தெளிவாக இருந்தால் இது ஒரு நிமிட வேலை. இரண்டு வாக்கியம் வரவில்லை என்றால் இன்னும் முடிவெடுக்கவில்லை என்று அர்த்தம், அது ஆரம்பத்திலேயே தெரிந்துவிடுவது நல்லது.

இவ்வளவுக்குப் பிறகும் நேரம் போய்விட்டால்

சரி, நிமிர்ந்து பார்க்கிறீர்கள், 9 நிமிடம்தான் மீதி, ஒரு உதாரணம்தான் முடிந்திருக்கிறது. மூன்றாவது உதாரணத்தை மறந்துவிடுங்கள். இரண்டாவதை மூன்றே வாக்கியத்தில் எழுதுங்கள்: என்ன நடந்தது, ஏன், அது உங்கள் கருத்துக்கு எப்படி உதவுகிறது. எதிர்க்கருத்துக்கு இரண்டு வாக்கியம். கடைசி ஒரு நிமிடத்தில் பாதியில் நிற்கும் வாக்கியம் இருந்தால் முடிக்க முயலாமல் அழித்துவிடுங்கள்.

எழுத்துப்பிழை தேடி நேரத்தைக் கரைக்க வேண்டாம். முழு மதிப்பெண் வாங்கும் கட்டுரையிலும் சிறு பிழைகள் இருக்கலாம் என்று ஈடிஎஸ்ஸே சொல்கிறது. நடுவில் எழுந்து வெளியே போனாலும் கடிகாரம் நிற்காது. கணினி உறைந்துவிட்டால் உட்கார்ந்த இடத்திலேயே உடனே கை தூக்குங்கள், தானாகச் சரியாகட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

எதில் பயிற்சி செய்வது?

ஈடிஎஸ் இலவசமாகத் தரும் பவர்பிரெப் என்ற ஆன்லைன் பயிற்சித் தேர்வு போதும். அதில் கட்டுரைக்கு மதிப்பெண் வராது, ஆனால் திரை அசலைப் போலவே இருக்கும். மற்ற நாட்களில் சாதாரண நோட்பேட். வேர்டில் பழகினால் பிழைகளை அதுவே திருத்திக்கொடுத்து நம்மைச் சோம்பேறியாக்கிவிடும், தேர்வில் அந்தத் திருத்தம் கிடையாது. லேப்டாப் விசைப்பலகையை விட, சென்டரில் இருப்பது போன்ற தனி விசைப்பலகை ஒன்றை இரவல் வாங்கியாவது பழகுங்கள்.

பின்சேர்க்கை: வீட்டிலிருந்து தேர்வு எழுதப்போகும் ஒருவர், ரஃப் ஷீட் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தார். சாதாரணத் தாளுக்கு அனுமதி இல்லை. சிறிய வெள்ளைப் பலகை, அல்லது உள்ளே தெரியும் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்த ஒரு தாள், அழிக்கக்கூடிய மார்க்கர். அந்த ஐந்து எண்களை அதில் எழுதிக்கொள்ளுங்கள். நடுவில் பலகையைத் துடைக்கும்போது அந்த மூலையை மட்டும் விட்டுவிடுங்கள். அவர் பயிற்சித் தேர்வில் எண்களையும் சேர்த்துத் துடைத்துவிட்டாராம்.