பக்கத்துல கடை தேடுறப்போ நாம பண்ற சொதப்பல்

போன வருஷம் அக்கா பொண்ணு நிச்சயதார்த்தத்துக்கு ரெண்டே நாள் இருக்கு, பிளவுஸ் கை லூசு, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ்ல நின்னுக்கிட்டு போன்ல 'டெய்லர் நியர் மீ'ன்னு தட்டுறேன், வந்ததெல்லாம் கோட்டு சூட்டு தைக்கிற கடை, பாதி பங்சார் பக்கம் வேற. கடைசில பூக்கடை அக்காகிட்ட கேட்டா "இதோ இந்த மாடிப்படில ஏறு, ரெண்டாவது கதவு"ன்னாங்க. போர்டும் கெடையாது, மேப்லயும் இல்ல.

அப்போ புரிஞ்சது என்னன்னா, மேப்ல இருக்கறவங்க மட்டும்தான் கடை வச்சிருக்காங்கன்னு நெனைக்கிறதே முதல் தப்பு. ரெண்டாவது தப்பு வார்த்தை. நம்ம ஊர்ல கடைக்காரங்க பேர் போடுறப்போ மலாய்ல 'கெடாய் ஜாஹிட்' (தையல் கடை), 'கெடாய் புங்ஙா' (பூக்கடை)ன்னுதான் பதிவு பண்ணியிருப்பாங்க, நாம இங்கிலீஷ்ல தேடிட்டு ஒண்ணுமே இல்லன்னு பொலம்புவோம். ஒரே விஷயத்தை மலாய், இங்கிலீஷ், தமிழ் மூணுலயும் தட்டிப் பாருங்க, வர்ற லிஸ்டே வேற மாதிரி இருக்கும். 'ஸ்ரீ'ன்னு ஆரம்பிக்கிற கடையா இருந்தா இன்னும் மோசம், ரோமன் எழுத்துல அதை எத்தனை விதமா எழுதுவாங்கன்னு உங்களுக்கே தெரியும்.

'லிட்டில் இந்தியா'ன்னு மட்டும் தட்டாதீங்க, பிரிக்பீல்ட்ஸ்லயும் இருக்கு, கிள்ளான்லயும் இருக்கு, பினாங்குலயும் இருக்கு. ரோடு பேரும் அப்படித்தான். எங்கம்மா இன்னைக்கும் 'ஈப்போ ரோடு'ன்னுதான் சொல்வாங்க, ஆனா அதுல ஒரு பகுதி 2014லயே ஜாலான் சுல்தான் அஸ்லான் ஷா ஆயிடுச்சு, பழைய பேரை நம்பி வழி பார்த்து முழிச்சவங்க எங்க வீட்லயே ரெண்டு பேர்.

அடுத்தது, மேல வர்றதுதான் நல்ல கடைன்னு நம்புறது. கூகல் சொல்றதே மூணு விஷயத்தைப் பார்த்துத்தான் வரிசை போடுறோம்னு: நீங்க தேடுனதுக்கு எவ்வளவு பொருந்துது, எவ்வளவு தூரம், எவ்வளவு பிரபலம். தோசை மொறுமொறுன்னு இருக்கான்னு அதுக்கு எப்படித் தெரியும்? அதுலயும் உச்சில 'ஸ்பான்சர்ட்'னு சின்னதா இருந்தா அது காசு கட்டி போட்ட விளம்பரம்.

ஸ்டார் பத்தி நான் கொஞ்சம் கறாரான ஆளு. 'அஞ்சு ஸ்டார் போடுங்க, ஒரு தே தாரிக் ஃப்ரீ'ன்னு கல்லாப்பெட்டி பக்கத்துல எழுதி வச்சிருந்ததை என் கண்ணால பார்த்திருக்கேன், அப்படிப் பொருள் குடுத்து ரிவ்யூ வாங்குறது கூகல் விதிப்படி கூடாது. அதனால ரிவ்யூவை 'நியூவெஸ்ட்'னு மாத்திப் படிங்க, ஏன்னா மூணு வருஷம் முன்னாடி பாராட்டு வாங்குன சமையல்காரர் இப்ப அங்க இல்லாம இருக்கலாம். மூணு ஸ்டார் போட்டவங்க எழுதுறதுதான் பெரும்பாலும் உண்மைக்குப் பக்கத்துல இருக்கும், அவங்களுக்குக் கோவமும் இல்ல, ஓசி தே தாரிக்கும் இல்ல.

தூரம் இன்னொரு ஏமாத்து. பிரிக்பீல்ட்ஸ்ல இருந்து மேப்பைப் பார்த்தா பங்சார் கை எட்டுற தூரம் மாதிரி தெரியும், நடுவுல ரயில் தண்டவாளம் இருக்கறது நடக்க ஆரம்பிச்சாத்தான் உறைக்கும். கார்ல போனா ஒரு யூ-டர்ன் விட்டீங்கன்னா ஹைவேல ஏத்தி விட்டுடும். டைரக்‌ஷனைத் தட்டி எத்தனை நிமிஷம்னு பாருங்க. மாலுக்குள்ள நின்னு தேடுறப்போ நீலப் புள்ளியைச் சுத்தி பெரிய வட்டம் இருந்தா, நீங்க எங்க இருக்கீங்கன்னே போனுக்குச் சரியா தெரியலன்னு அர்த்தம். செட்டிங்ஸ்ல 'பிரிசைஸ் லொக்கேஷன்' ஆஃப்ல இருக்கான்னும் பாருங்க.

நேரம் பத்திச் சுருக்கமா சொல்றேன்: வெள்ளிக்கிழமை மத்தியானம் தொழுகை நேரத்துல நெறைய மாமாக் கடை (இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) மூடிடுவாங்க, நோன்பு மாசத்துலயும் நேரம் மாறும், தீபாவளி முடிஞ்சா நம்ம கடைங்க சிலது ஒரு வாரம் காணாமப் போயிடும். மேப் பாட்டுக்கு 'ஓப்பன்'னு பச்சையா காட்டிக்கிட்டிருக்கும். பசியோட கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு போன் போட்டா என்ன குறைஞ்சிடும்?

கடைசியா கொஞ்சம் சீரியஸ். ராத்திரி பூட்டு உடைஞ்சது, பைப் ஒழுகுதுன்னா அவசரத்துல முதல்ல வர்ற நம்பரை அடிக்காதீங்க, இந்த மாதிரி வேலைக்குத்தான் போலி லிஸ்டிங் அதிகம். மேப்ல அட்ரஸ் இருக்கற எடத்துல ஸ்ட்ரீட் வியூல உண்மையிலயே கடை இருக்கான்னு பாருங்க. ஆள் வர்றதுக்கு முன்னாடியே டெபாசிட் கேட்டா அந்த பேங்க் அக்கவுண்ட் நம்பரை மோசடில சிக்குன அக்கவுண்டான்னு பார்க்கற போலீஸோட 'செமாக் மியூல்' தளத்துல போட்டுப் பாருங்க, காசு ஏற்கெனவே போயிடுச்சுன்னா யோசிச்சுக்கிட்டு உக்காராம உடனே மோசடிப் புகாருக்கான 997க்கு அடிங்க.