எழுத என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு

பாம்பனில் 18 ஆண்டுகளாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். இரவு கடையைச் சாத்திய பிறகு எழுதுகிறேன். "எழுத ஆசைதான் அக்கா, எதைப் பற்றி எழுதுவது என்றுதான் தெரியவில்லை" என்று என்னிடம் கேட்கும் பெண்களுக்காக இதைச் சொல்கிறேன்.

தலைப்பைத் தேடாதீர்கள், கேள்வியைத் தேடுங்கள். அளவு நோட்டின் கடைசிப் பக்கங்களை நான் கேள்விகளுக்கென்றே ஒதுக்கியிருக்கிறேன். ஒருநாள் கடலில் பாசி எடுக்கப் போகும் அக்கா ஒருவர் வெட்டுத்துணி கேட்டு வந்தார். எதற்கு என்றேன். பாறையிலிருந்து பாசியைப் பிய்க்கும்போது விரல் கிழியாமலிருக்கச் சுற்றிக்கொள்வாராம். அத்தனை ஆண்டுகள் வெட்டுத்துணியைக் குப்பையில் கொட்டிக்கொண்டிருந்தவள் நான். அன்றிரவு மூன்று கேள்விகள் எழுதினேன். எந்த வயதில் முங்கப் பழகினீர்கள்? கண்ணில் உப்புநீர் எரிந்தால் என்ன செய்வீர்கள்? மாதம் முழுவதும் ஏன் போவதில்லை? முதல் இரண்டுக்கும் பதில் சுருக்கமாகவே வந்தது. மூன்றாவதற்கு ஒரு மாலை முழுவதும் பேசினார். பாசி மறுபடி வளர வேண்டும் என்பதற்காக, மாதத்தில் 12 நாட்கள்தான் எடுப்பது என்று பெண்களே கூடிக் கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். 'கடல்பாசித் தொழில்' என்று தலைப்பிட்டு உட்கார்ந்திருந்தால் நாலு வரிக்கு மேல் எனக்கு ஓடியிருக்காது.

எல்லோரும் எழுதிவிட்ட இடம் என்று எதையும் ஒதுக்கவும் வேண்டாம். தனுஷ்கோடி என்றாலே 1964 டிசம்பர் புயலும் இடிந்த தேவாலயமும்தான். நீங்கள் அங்கே போய், குடிக்க எந்தத் தண்ணீர் என்று கேளுங்கள். இருபுறமும் கடல். நடுவில் மணலைச் சில அடி தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறுகிறது. மணலில் இறங்கிய மழைநீர், எடை குறைவானதால் உப்புநீரின் மேலே தங்கி நிற்கிறது. ஆசைப்பட்டு ஆழமாகத் தோண்டினால் உப்பு ஏறிவிடும். இந்த ஒரு குழியைப் பற்றியே பத்துப் பக்கம் எழுதலாம்.

காதில் விழும் சொற்களையும் குறித்துவையுங்கள். கச்சான், வாடை, கொண்டல், சோழகம் என்று காற்றுக்கே நான்கு பெயர் வைத்திருக்கிற கரை இது. எந்தக் காற்றில் எந்த மீன் படும் என்று வயதானவர் ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள், பொழுது போவது தெரியாது. கடற்பசுவுக்கு இங்கே ஆவுளியா என்று பெயர். அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் பேச்சு தானாக வரும்.

எழுத உட்காரும் முன் ஒன்றைப் பார்த்துக்கொள்கிறேன். இதற்காக நான் யாரிடமாவது போய்க் கேட்க வேண்டியிருக்கிறதா? எல்லாம் எனக்கே தெரியும் என்றால் அதைத் தள்ளி வைத்துவிடுவேன். எனக்குப் புதிதாக ஒன்றும் தெரியவராத எழுத்தில் படிப்பவருக்கு மட்டும் என்ன கிடைக்கும்?

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். அளவு கொடுக்க நிற்கும்போது மனம் விட்டு அழுதவர்கள் உண்டு. அது எவ்வளவு கனமான கதையாக இருந்தாலும் என் நோட்டில் ஏறாது. எழுதலாமா என்று கேட்டு, சரி என்று சொன்னவர்களைப் பற்றி மட்டுமே எழுதுகிறேன்.

இப்போது நோட்டில் பதில் இல்லாமல் நிற்பது இது: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கரையில் நிற்கும். என் கடையில் பள்ளிச் சீருடைத் துணி குவிவதும் அதே நாட்களில்தான். வருமானம் நின்ற வீட்டில் அந்தத் துணிக்குக் காசு எங்கிருந்து வருகிறது? ஞாயிற்றுக்கிழமை மூன்று வீடுகளுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.