கோய் மீன் குளத்து நீரைத் தெளிவாகவும் நலமாகவும் வைத்திருப்பது எப்படி?

அழகுக்காக வளர்க்கும் கெண்டை வகையான கோய் மீனை வளர்க்கத் தொடங்குபவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் நீரின் நிறத்தைப் பற்றித்தான். நீர் பச்சையாகிவிட்டது, கலங்கிவிட்டது, எதை ஊற்றினால் தெளியும் என்பார்கள். நிறம் கண்ணில் படுவதால் கவலையும் அதைச் சுற்றியே வருகிறது. ஆனால் மீனைக் கொல்லும் அம்மோனியாவுக்கும் நைட்ரைட்டுக்கும் நிறமே கிடையாது. அடித்தளம் பளிச்செனத் தெரியும் நீரில் மீன்கள் மூச்சுத் திணறுவதும் உண்டு, இளம்பச்சை நீரில் அவை கொழுகொழுவென்று வளர்வதும் உண்டு.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். வடிகட்டி அழுக்கை அகற்றுவதில்லை. ஓரிடத்தில் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். தேநீர் வடிகட்டியில் தங்கிய தூளின் மேல் மறுபடி மறுபடி நீரை ஊற்றினால் சாயம் இறங்கிக்கொண்டே இருப்பதுபோல, தேங்கிய கழிவின் ஊடாகக் குளத்து நீர் ஓடிக்கொண்டிருக்கும் வரை அந்தக் கழிவு கரைந்து குளத்துக்கே திரும்பி வருகிறது. அதை வெளியே தள்ளும் வேலை வளர்ப்பவருடையது. வடிகட்டி அமைப்பையும் பராமரிப்பையும் இந்தக் கண்ணோட்டத்தில்தான் கீழே விளக்குகிறேன்.

படி 1: குளத்தின் கொள்ளளவைக் கணக்கிடுதல்

நீளம், அகலம், சராசரி ஆழம் ஆகிய மூன்றையும் மீட்டரில் அளந்து பெருக்கி, வரும் எண்ணை 1000ஆல் பெருக்கினால் லிட்டர் கணக்கு கிடைக்கும். 4 மீட்டர் நீளமும் 2.5 மீட்டர் அகலமும் 1.2 மீட்டர் ஆழமும் உள்ள குளம் 12,000 லிட்டர் கொள்ளும். வளைவு நெளிவான குளமாக இருந்தால், முதன்முறை நிரப்பும்போதே குழாயில் நீர் மீட்டரைப் பொருத்தி அளந்துவிடுவது நல்லது. பிற்பாடு போடும் உப்பு, மருந்து, சோடா எல்லாவற்றின் அளவும் இந்த ஒரு எண்ணைத்தான் சார்ந்திருக்கும்.

கோய் மீன் 60 சென்டிமீட்டருக்கு மேலும் வளரக்கூடியது என்பதால், வளர்ந்த மீன் ஒன்றுக்கு 1000 லிட்டர் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பான கணக்கு. குஞ்சாக வாங்கும்போது விரல் நீளமே இருக்கும் மீனைப் பார்த்து எண்ணிக்கையைத் தீர்மானித்தால், இரண்டு மூன்று ஆண்டுகளில் எந்த வடிகட்டியாலும் ஈடுகொடுக்க முடியாமல் போகும்.

குளத்து நீர் முழுவதும் ஒன்று அல்லது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வடிகட்டியைக் கடந்து வர வேண்டும். அதாவது மேற்சொன்ன குளத்துக்கு மணிக்கு 6,000 முதல் 12,000 லிட்டர் வரை தள்ளும் பம்ப் தேவை. பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் அளவு, நீரை உயரத்துக்கு ஏற்றாதபோது கிடைக்கும் அளவு; உயரமும் குழாய் வளைவுகளும் கூடக்கூட அது வேகமாகக் குறையும். ஆகவே நீர் குளத்துக்குத் திரும்பும் குழாயின் வாயில் 20 லிட்டர் வாளியைப் பிடித்து நேரம் பாருங்கள். 10 விநாடியில் நிரம்பினால் மணிக்கு 7,200 லிட்டர் வருகிறது என்று பொருள்.

படி 2: கழிவு கரையும் முன் பிடித்தல்

குளத்தின் அடித்தளம் ஒரு புள்ளியை நோக்கிச் சரிந்திருக்க வேண்டும். அந்தத் தாழ்ந்த புள்ளியில் அடிவடிகால் இருக்க வேண்டும். அங்கிருந்து 110 மில்லிமீட்டர் குழாய் வழியாக நீர் தானாக வடிந்து படிவுத் தொட்டிக்கு வர, பம்ப் எல்லா வடிகட்டல் அறைகளுக்கும் பின்னால், தூய்மையான பக்கத்தில் நிற்க வேண்டும். பலர் பம்பைக் குளத்துக்குள்ளேயே இறக்கிவிடுகிறார்கள். அப்போது முழுதாக வந்திருக்க வேண்டிய கழிவை பம்பின் சுழலி அரைத்துத் தூளாக்கிவிடுகிறது. அந்தத் தூளைப் பிடிப்பது எந்த வடிகட்டிக்கும் கடினம். ஏற்கெனவே அப்படி அமைத்துவிட்டவர்கள் திடக்கழிவைக் கடத்தும் வகைப் பம்பைப் பயன்படுத்தி, வடிகட்டியை அடிக்கடி கழுவிச் சமாளிக்கலாம்.

படிவுத் தொட்டி அகலமாக இருப்பது முக்கியம். அகன்ற தொட்டியில் நீரின் வேகம் தணியும்போதுதான் கனமான கழிவு அடியில் இறங்கும். அடுத்த அறையில் தொங்கும் பிரஷ்களும், அதற்கடுத்து ஸ்பாஞ்ச் அட்டைகளும் மிச்சத்தைப் பிடிக்கும். ஒவ்வோர் அறைக்கும் அடியில் தனி வால்வு வையுங்கள். வாரம் ஒருமுறையாவது அதைத் திறந்து, வரும் நீர் தெளியும் வரை வெளியேற்றுங்கள். செலவழிக்க முடிந்தவர்களுக்கு டிரம் ஃபில்டர் என்னும் சுழல் வடிகட்டி உண்டு. அது நுண்வலையில் பிடித்த கழிவைத் தானே பீய்ச்சிக் கழுவிச் சில நிமிடங்களில் வெளியே தள்ளிவிடும். அதன் விலைக்கு நியாயம் இருப்பது இந்த ஒரு காரணத்தால்தான்.

மேற்பரப்பில் மிதக்கும் இலை, தீவனத் துணுக்கு ஆகியவற்றுக்கு மேல்நீரை உறிஞ்சி வடிகட்டும் ஸ்கிம்மர் போதும். அடித்தளத்தில் அழகுக்காகக் கூழாங்கல் பரப்ப வேண்டாம். கற்களின் இடுக்கில் சேரும் கழிவு ஆக்சிஜன் இல்லாமல் அழுகி, மீனுக்கு நஞ்சான ஹைட்ரஜன் சல்பைடை உண்டாக்கும்.

படி 3: உயிரியல் வடிகட்டியை அமைத்தல்

திடக்கழிவைப் பிடித்துவிட்டாலும் அம்மோனியா மிஞ்சும். ஏனெனில் மீன் வெளியேற்றும் அம்மோனியாவில் பெரும்பகுதி செவுள் வழியாக நேரே நீரில் கலக்கிறது. அதை எந்த ஸ்பாஞ்சும் தடுக்காது. நடைமுறைக் கணக்காகச் சொன்னால், 100 கிராம் தீவனம் 3 முதல் 4 கிராம் அம்மோனியாவாக மாறும். நம் 12,000 லிட்டர் குளத்தில் அது லிட்டருக்கு ஏறத்தாழ 0.3 மில்லிகிராம். ஒரு நாளைக்கு இவ்வளவு என்றால், வடிகட்டி இல்லாத குளம் ஒரு வாரத்தில் எங்கே போய் நிற்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த அம்மோனியாவை ஒருவகை பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றுகிறது. வேறொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. நைட்ரேட்டின் நச்சுத்தன்மை மிகக் குறைவு. இரண்டு வகை பாக்டீரியாவும் பரப்புகளில் ஒட்டி வாழ்பவை என்பதால் அவற்றுக்கு நிறைய இடம் கொடுக்கும் பொருளை அறையில் நிரப்புகிறோம். காற்றுக் குமிழிகளால் இடைவிடாமல் புரண்டுகொண்டிருக்கும் சிறு பிளாஸ்டிக் வளையங்கள், பாய் அட்டைகள், நுண்துளைப் பீங்கான் கட்டிகள் என்று பல வகை உண்டு. தொடக்கநிலையினருக்குப் புரளும் வளையங்களைத்தான் பரிந்துரைப்பேன். அவை ஒன்றோடொன்று உரசித் தம்மைத் தாமே சுத்தப்படுத்திக்கொள்வதால் அடைப்பு ஏற்படுவதில்லை.

இந்த பாக்டீரியாவுக்கு மீனைப் போலவே ஆக்சிஜன் வேண்டும். எனவே உயிரியல் அறைக்குத் குமிழிகளை வெளியிடும் தனிக் காற்றுக்கல் போட்டு, அதற்குக் காற்றை அனுப்பும் ஏரேட்டரை இரவு பகலாக ஓட விடுங்கள். மின்செலவை மிச்சப்படுத்துவதற்காக இரவில் பம்பை நிறுத்துவது எந்த வகையிலும் சரியல்ல. அறையைக் கழுவ நேர்ந்தால் குளத்திலிருந்து எடுத்த நீரிலேயே மெல்ல அலசுங்கள். குளோரின் கலந்த குழாய் நீரில் கழுவினால், பல வாரங்களாக வளர்ந்த பாக்டீரியா அழிந்துவிடக்கூடும்.

படி 4: புதிய வடிகட்டியைப் பக்குவப்படுத்துதல்

புதிய வடிகட்டி முழுமையாக வேலை செய்ய 4 முதல் 8 வாரம் ஆகும். குளிர்ந்த நீரில் இன்னும் அதிகம். முதலில் அம்மோனியா ஏறி இறங்கும், பிறகு நைட்ரைட் ஏறி இறங்கும். இந்தக் காலம் முழுவதும் ஓரிரு மீன்களை மட்டும் விட்டு, மிகக் குறைவாகத் தீவனமிட்டு, இரண்டையும் தினமும் சோதிக்க வேண்டும். நோயற்ற பழைய குளம் ஒன்றின் வடிகட்டிப் பொருளில் கொஞ்சம் கிடைத்தால் காலம் வெகுவாகக் குறையும். அந்தக் குளத்தின் நலம் பற்றிச் சந்தேகம் இருந்தால் வாங்காதீர்கள்.

நைட்ரைட் ஏறும்போது 1000 லிட்டருக்கு 1 கிலோ வீதம் வேறெதுவும் சேர்க்காத உப்பைக் கரைத்து ஊற்றினால், உப்பிலுள்ள குளோரைடு செவுள் வழியே நைட்ரைட் ரத்தத்தில் நுழைவதைப் பெருமளவு தடுக்கும். வடிகட்டியில் சியோலைட் கல் வைத்திருப்பவர்கள் உப்புப் போடுமுன் அதை எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால், பிடித்து வைத்த அம்மோனியாவை அது திரும்ப நீரிலேயே விட்டுவிடும்.

படி 5: பச்சை நீரைத் தெளிய வைத்தல்

நீர் பச்சையாவது மிதக்கும் நுண்பாசியால். அந்த உயிரணுக்கள் ஸ்பாஞ்சின் துளைகளைவிடச் சிறியவை. வடிகட்டிக்குப் பிறகு வரும் குழாயில் யுவி (புற ஊதா) விளக்கைப் பொருத்தினால், அதைக் கடக்கும் பாசி சிதைந்து ஒன்றோடொன்று திரண்டு, வடிகட்டியில் சிக்கும் அளவுக்குப் பெரிதாகும். பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் நீர் தெளியும். அந்த நாள்களில் வடிகட்டியை வழக்கத்தைவிட அடிக்கடி கழுவ வேண்டும், ஏனென்றால் செத்த பாசி முழுவதும் அங்கேதான் சேர்கிறது. விளக்கின் மேலுள்ள குவார்ட்ஸ் குழாயில் படியும் சுண்ணத்தை வினிகரில் துடைத்தெடுங்கள். விளக்கு எரிந்துகொண்டிருந்தாலும் ஏறத்தாழ ஓராண்டில் அதன் புற ஊதா வீச்சு தளர்ந்துவிடும், எனவே ஆண்டுக்கொருமுறை மாற்றுங்கள். எரியும் விளக்கை வெறுங்கண்ணால் பார்க்கக் கூடாது.

சுவரில் ஒட்டி வளரும் நூல்பாசியை யுவி ஒன்றும் செய்யாது. ஒரு கோலில் சுற்றி இழுத்தெடுப்பதே நல்ல வழி. பாசிக்கொல்லி மருந்துகளை நான் விரும்புவதில்லை. ஒரே நேரத்தில் சாகும் பாசி அழுகும்போது ஆக்சிஜன் முழுவதையும் உறிஞ்சிவிடும்.

பச்சை தவிர்த்த கலங்கலுக்கும் காரணம் உண்டு. பால் போன்ற வெண்கலங்கல் புதிய குளத்திலோ, தீவனம் மிகுந்த குளத்திலோ வரும் பாக்டீரியாப் பெருக்கம். தேநீர் நிறம் இலைகள் ஊறியதால் வருவது, கரித்தூள் பையால் நீங்கும். மேலே கலையாமல் நிற்கும் நுரை, கரைந்த கழிவு கூடிவிட்டதற்கு அடையாளம்.

படி 6: நீரை மாற்றுதல்

நைட்ரேட் வெளியேறுவதற்கு நீர் மாற்றமே முக்கிய வழி. வாரம் 10 விழுக்காடு போதும். குழாய் நீரில் குளோரின் மட்டும் இருந்தால், தனித் தொட்டியில் ஓரிரு நாள் காற்றூட்டி வைத்தால் அது போய்விடும். குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோராமின் அப்படிப் போகாது. அதற்குச் சோடியம் தயோசல்ஃபேட் போன்ற குளோரின் நீக்கி வேண்டும். அது குளோராமினை உடைக்கும்போது கொஞ்சம் அம்மோனியா மிஞ்சும், வடிகட்டி பக்குவமாக இருந்தால் அதைப் பார்த்துக்கொள்ளும். குழாயைத் திறந்து விட்டுவிட்டு மறந்துபோவது மீன் வளர்ப்பில் அடிக்கடி நடக்கும் பேரிழப்பு. நேரம் வைத்து மூடும் வால்வு ஒன்றைப் பொருத்திவிட்டால் நிம்மதி.

படி 7: அளந்து பார்த்தல்

அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூச்சியம், நைட்ரேட் லிட்டருக்கு 40 மில்லிகிராமுக்குள், பி.எச். 7 முதல் 8.5 வரை, ஆக்சிஜன் லிட்டருக்கு 6 மில்லிகிராமுக்கு மேல் என்பது இலக்கு. அம்மோனியா அளவை பி.எச். அளவோடு சேர்த்தே படிக்க வேண்டும். 25 பாகை வெப்பத்தில் பி.எச். 7 இருக்கும்போது மொத்த அம்மோனியாவில் நச்சான பகுதி ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு, பி.எச். 8இல் அது சுமார் 5 விழுக்காடு, பி.எச். 9இல் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்.

பலரும் அளக்காமல் விடுவது, அமிலத்தைத் தாங்கி பி.எச். சரியாமல் காக்கும் கார்பனேட் கடினத்தன்மை. நைட்ரைட்டாக்கும் பாக்டீரியா வேலை செய்யும்போது அமிலம் உண்டாகி, ஒரு கிராம் அம்மோனியாவுக்கு ஏறத்தாழ 7 கிராம் கடினத்தன்மை செலவாகிறது. நம் குளத்தில் தினமும் 100 கிராம் தீவனம் போட்டால், நாளுக்கு லிட்டருக்கு 2 மில்லிகிராம், மாதத்துக்கு 60 மில்லிகிராம் குறையும். கையிருப்பு தீர்ந்த நாளில் பி.எச். திடீரெனச் சரிந்து மீனும் பாக்டீரியாவும் சேர்ந்தே பாதிக்கப்படும். லிட்டருக்கு 100 மில்லிகிராமுக்குக் கீழே இறங்காமல் பாருங்கள். இறங்கினால், 1000 லிட்டருக்கு 17 கிராம் சமையல் சோடா அதை லிட்டருக்கு 10 மில்லிகிராம் ஏற்றும். வாளி நீரில் கரைத்து, சில நாள்களாகப் பிரித்து ஊற்றுங்கள்.

படி 8: அன்றாடக் கவனிப்பு

தினமும் விடியலில் ஒருமுறை மீன்களைப் பாருங்கள். இரவெல்லாம் பாசியும் மீனும் ஆக்சிஜனைச் செலவழித்திருக்கும், எனவே குறை இருந்தால் அந்த நேரத்தில்தான் வெளிப்படும். மீன்கள் மேற்பரப்பில் வாய் பிளந்து நின்றாலோ, நீர் விழும் இடத்தில் கூடினாலோ, துடுப்பை ஒடுக்கிக்கொண்டு ஒதுங்கினாலோ, முதலில் காற்றூட்டலைக் கூட்டி, தீவனத்தை நிறுத்தி, நீரைச் சோதியுங்கள். அம்மோனியாவோ நைட்ரைட்டோ தெரிந்தால் குளோரின் நீக்கிய நீரால் கால் பங்கை மாற்றுங்கள். தீவனம் ஐந்து நிமிடத்தில் தீரும் அளவே போதும். நீரின் வெப்பம் 10 பாகைக்குக் கீழே போனால் தீவனமே வேண்டாம்.

மின்சாரம் சில மணி நேரத்துக்கு மேல் நின்றுபோனால் மின்கல ஏரேட்டரைக் குளத்தில் இறக்குங்கள். மூடிய வடிகட்டிக்குள் தேங்கிய நீரில் ஆக்சிஜன் தீர்ந்து பாக்டீரியா சாகத் தொடங்கியிருக்கும். மின்சாரம் வந்ததும் பம்பை அப்படியே ஓட்டினால் அந்த நாறிய நீர் முழுவதும் குளத்தில் வந்து விழும். முதலில் வால்வைத் திறந்து அதை வெளியேற்றி, அறையைக் குளத்து நீரால் அலசிய பிறகே இணைக்க வேண்டும். அடுத்த சில நாள்களுக்கு அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் தினமும் சோதித்து, இரண்டும் பூச்சியத்துக்குத் திரும்பும் வரை தீவனத்தைக் குறைத்தே போடுங்கள்.